வெளிநாட்டில் படிக்கும் பிள்ளைக்குச் செலவுக் கணக்கு: சித்தூர், திருப்பதி வீடுகளுக்குச் சில குறிப்புகள்

நம்ம சித்தூர், திருப்பதி பக்கம் எந்தத் தெருவுக்குப் போனாலும் ஒரு வீட்டில் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறார்கள். எம்.எஸ்.ஸுக்கு அமெரிக்கா, மாஸ்டர்ஸுக்கு லண்டன், ஜெர்மனி, ஆஸ்திரேலியா. ஃபீஸ், லோன், வீசா பற்றியெல்லாம் கன்சல்டன்சிக்காரர்களே சொல்லிவிடுவார்கள். போன பிறகு அரிசிக்கும் வாடகைக்கும் ஆகிற கணக்கை நாம்தான் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள வேண்டும்.

1. பட்ஜெட்டை அந்த நாட்டுப் பணத்திலேயே போடுங்க. எல்லாவற்றையும் ரூபாயில் பெருக்கினால் ஒரு கட்டு கொத்தமல்லி வாங்கக்கூட கை வராது. சமைக்காமல் விட்டுவிட்டு ராத்திரி பசிக்கு பீட்சா வாங்கினால், மிச்சம் பிடித்ததைவிட இரண்டு பங்கு போய்விடும்.

2. மாதம் எவ்வளவு ஆகும் என்று அண்ணன் தம்பியைக் கேட்பதற்கு முன்னால், அந்த நாட்டு அரசு எவ்வளவு காட்டச் சொல்கிறது என்று பாருங்க. ஜெர்மனியில் பிளாக்டு அக்கவுண்டில் வருடத்துக்கு 11,904 யூரோ, அதாவது மாதம் 992. இங்கிலாந்தில் 2025 நவம்பரில் இருந்து லண்டனுக்கு மாதம் 1,529 பவுண்ட், மற்ற ஊர்களுக்கு 1,171. இதைக் குறைந்தபட்சமாக வைத்துக் கணக்கைத் தொடங்கினால் பெரிதாகத் தப்பாது.

3. இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் வாடகையை வாரக் கணக்கில் சொல்வார்கள். அதை 4-ஆல் பெருக்காதீங்க. 52-ஆல் பெருக்கி 12-ஆல் வகுங்க. வாரம் 250 என்றால் மாதம் 1,000 இல்லை, 1,083. அந்த 83-இல் ஒருவருக்கு அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் வந்துவிடும்.

4. "பார்ட் டைம் செய்து ஃபீஸ் கட்டிக்கொள்வான்" என்று யாராவது சொன்னால் பேப்பர், பேனா எடுத்து உட்காருங்க. இங்கிலாந்தில் 21 வயது முதல் குறைந்தபட்சக் கூலி 2026 ஏப்ரலில் இருந்து மணிக்கு 12.71 பவுண்ட். வாரம் 20 மணி நேரம், ஒரு வாரம்கூட விடாமல் உழைத்தாலும் மாதம் சராசரி 1,100 பவுண்டுதான், வரிப் பிடித்தம் தனி. லண்டனுக்கு வெளியே இருக்கவே 1,171 ஆகும் என்று அரசே சொல்கிறது. இதில் ஃபீஸுக்கு எங்கே மிச்சம்? பார்ட் டைம் சம்பளம் மளிகைக்கும் பஸ்ஸுக்கும் மட்டும். ஃபீஸ் இங்கிருந்தே ஏற்பாடாகி இருக்க வேண்டும், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

5. மணிக்கணக்கு நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவில் வகுப்பு நடக்கும் நாட்களில் கேம்பஸுக்குள் வாரம் 20 மணி நேரம், இங்கிலாந்தில் டிகிரி மாணவர்களுக்கு 20, கனடாவில் வெளி வேலை 24, ஆஸ்திரேலியாவில் இரண்டு வாரத்துக்கு 48. ஜெர்மனியில் வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள். இதை எழுதி பிள்ளையின் அலமாரிக் கதவில் ஒட்டச் சொல்லுங்க.

6. அமெரிக்காவில் பெட்ரோல் பங்க், ஹோட்டல் என்று கையில் காசு வாங்கும் வேலைக்கு யார் கூப்பிட்டாலும் வேண்டாம். மாட்டினால் வீசா போகும், கட்டிய ஃபீஸும் அதோடு போகும். எத்தனை டாலர் கிடைத்தாலும் அது நஷ்டக் கணக்குதான்.

7. போனதும் வேலை கிடைத்துவிடாது. வங்கிக் கணக்கு, வரி எண், அறிமுகம் என்று ஒவ்வொன்றாக முடிவதற்குள் இரண்டு மூன்று மாதம் ஓடிவிடும். மூன்று மாதச் செலவைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு விமானம் ஏறுங்க.

8. வீசாவுக்குக் கணக்கில் பணம் காட்ட வட்டிக்குக் கொடுக்கும் ஆட்கள் நம்ம ஊரில் உண்டு. பணம் இரண்டு வாரம் கணக்கில் நின்றுவிட்டுத் திரும்பிப் போகும், வட்டி மட்டும் நம் தலையில் நிற்கும். பிள்ளை அங்கே இறங்கும்போது கையில் ஒன்றும் இருக்காது. அதற்குப் பதில் ஒரு வருடம் தள்ளிப் போனாலும் குற்றமில்லை.

9. ஒரு நிதியாண்டில் ஒருவர் பெயரில் 10 லட்சம் ரூபாய் வரை வெளிநாட்டுக்கு அனுப்பினால் டி.சி.எஸ். என்று வங்கி முன்கூட்டியே எடுக்கும் வரியைப் பிடிக்க மாட்டார்கள். அப்பா பான் கார்டில் ஒரு பகுதி, அம்மா பான் கார்டில் ஒரு பகுதி. ஒரு தவணை மார்ச்சில், அடுத்தது ஏப்ரலில் என்று பிரித்து அனுப்பலாம். வங்கி எஜுகேஷன் லோனில் இருந்து போகும் பணத்துக்கு இந்தப் பிடித்தமே கிடையாது. பிடித்துவிட்டாலும் வருமான வரி ரிட்டர்ன் போட்டால் திரும்ப வரும். மாந்தோப்பு வருமானம் மட்டும் உள்ள நம்ம ஊர்க்காரர்கள் "எங்களுக்கு ஏது வரி" என்று ரிட்டர்ன் போடாமல் விட்டால் அந்தப் பணம் அங்கேயே நின்றுவிடும்.

10. படிக்கும் காலத்தில் லோன் தவணை கட்ட வேண்டாம் என்றாலும் வட்டி ஏறிக்கொண்டேதான் இருக்கும். முடிந்த வீடுகள் மாதாமாதம் வட்டியை மட்டுமாவது கட்டுங்க. சில வங்கிகள் இப்படிக் கட்டுபவர்களுக்கு வட்டி விகிதத்தைக் குறைக்கின்றன. கையெழுத்துப் போடும் அன்றே மேனேஜரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்க.

11. மார்க் ஷீட், டிரான்ஸ்கிரிப்ட் இரண்டு செட் கூடுதலாக, சீல் வைத்த கவரில் வாங்கி வீட்டில் வையுங்க. நம்ம பக்கத்து எஞ்சினியரிங் காலேஜ்கள் பல அனந்தபுரம் ஜே.என்.டி.யு.வோடு இணைந்தவை. பிள்ளை அங்கே போன பிறகு இதற்காக அப்பா அனந்தபுரத்துக்கு அலைவது காசும் காலும் வீண்.

12. பயோமெட்ரிக், இங்கிலாந்து வீசாவுக்கான காசநோய்ப் பரிசோதனை, ஃபாரெக்ஸ் எல்லாவற்றையும் ஒரே சென்னைப் பயணத்தில் முடியுங்க. திருப்பதிக்காரர்கள் காலை கருடாத்ரி ரயிலிலும் சித்தூர்க்காரர்கள் காட்பாடி போயும் ஏறினால் லாட்ஜ் செலவு இல்லாமல் ராத்திரி வீட்டுச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம்.

13. டிக்கெட் பார்க்கும்போது சென்னையை மட்டும் பார்க்காதீங்க. சித்தூர், பலமநேர்க்காரர்களுக்கு பெங்களூரு விமான நிலையமும் எட்டும் தூரம்தான். இரண்டு விலையையும் வைத்துப் பார்த்து எடுங்க. வழியனுப்ப வேன் பிடித்து ஊரே போவது அவரவர் ஆசை. ஆனால் அந்த வேன் வாடகையில் பிள்ளைக்கு ஒரு வார மளிகை வரும்.

14. அமெரிக்கா, கனடாவுக்கு நம்ம வீட்டு மிக்சியைக் கட்டாதீங்க. அங்கே மின்சாரம் 120 வோல்ட், நம்ம 230 வோல்ட் மிக்சி முனகும், அரைக்காது. 110 வோல்ட் மிக்சி சென்னையில் கேட்டாலே தருவார்கள். இங்கிலாந்து, ஜெர்மனி என்றால் நம்ம மிக்சியே போதும், பிளக் மாற்ற ஒரு அடாப்டர் வாங்கினால் சரி.

15. குக்கர் கட்டாயம் வேண்டும், ஆனால் வாங்கும்போது இண்டக்‌ஷன் அடிப்பாகம் உள்ளதாகப் பார்த்து வாங்குங்க. ஹாஸ்டல் அடுப்பு எப்படி இருக்கும் என்று முன்கூட்டித் தெரியாது. சாதாரண அலுமினியக் குக்கர் இண்டக்‌ஷனில் சூடாகாது.

16. பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, இட்லிப் பொடி, புளி, ஊறுகாய்: முதல் மாதத்துக்கு மட்டும் கொடுத்து அனுப்புங்க. பச்சைக் கறிவேப்பிலையை அமெரிக்காவில் விட மாட்டார்கள், எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களுக்கு நோய் பரப்பும் பூச்சி அதில் ஒட்டி வரும் என்று பயம். நெய், பால்கோவா ஐரோப்பாவுக்குள் எடுத்துப் போகக்கூடாது. ஆஸ்திரேலியாவில் எந்தத் தின்பண்டமானாலும் படிவத்தில் எழுதிவிடச் சொல்லுங்க. எழுதினால் எடுத்துக்கொள்வதோடு போகும், மறைத்தால் அபராதம்.

17. நகரி, புத்தூர் பக்கம் தறியில் நெய்கிற மெல்லிய காட்டன் துண்டு அரை டஜன் வையுங்க. எடை இல்லை, ஒரே ராத்திரியில் அறைக்குள்ளேயே காயும், டிரையருக்குக் காசு போட வேண்டாம். குளிர் ஜாக்கெட்டை மட்டும் இங்கே வாங்காதீங்க. அந்த ஊர்க் குளிருக்கு அந்த ஊர் ஜாக்கெட்தான் தாங்கும். சாரிட்டி கடைகளில் பழையதே நன்றாக, மலிவாகக் கிடைக்கும்.

18. மாணவர் இன்சூரன்ஸில் பல்லும் கண்ணும் பெரும்பாலும் சேராது. கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்னாலேயே சொத்தைப் பல்லை அடைத்துவிடுங்க. திருப்பதி அரவிந்தில் கண்ணைக் காட்டிவிட்டு, கண்ணாடி இரண்டு ஜோடி செய்து, பவர் சீட்டையும் போட்டோ எடுத்து வையுங்க.

19. திருமலையில் மொட்டை போடும் வேண்டுதல் பாக்கி இருக்கிறதா? வீசா போட்டோ, பயோமெட்ரிக் எல்லாம் முடிந்த பிறகு போடச் சொல்லுங்க. இங்கிலாந்தில் ஒரு தடவை முடி வெட்ட 10, 15 பவுண்ட் கேட்பார்கள். பெருமாள் புண்ணியத்தில் முதல் இரண்டு மாதம் அந்தச் செலவு இல்லை. பிறகு ஒரு டிரிம்மர் போதும், ரூம்மேட் வெட்டிவிடுவான்.

20. ஊர் சிம்மை உயிரோடு வையுங்க. வங்கி ஓ.டி.பி. எல்லாம் அந்த எண்ணுக்குத்தான் வரும். கிளம்பும் முன் ரோமிங்கைத் திறந்துவிட்டு, வீட்டில் ஒருவர் நாள் குறித்து ரீசார்ஜ் செய்துகொண்டே இருங்க.

21. இந்தியக் கார்டைத் தேய்க்கும்போது மெஷின் "ரூபாயா, டாலரா" என்று கேட்டால் அந்த நாட்டுப் பணத்தையே அமுக்கணும். ரூபாயை அமுக்கினால் அவர்கள் வைத்த விலையில் மாற்றிக்கொண்டு போவார்கள்.

22. நம்ம பிள்ளைகளுக்குத் தமிழும் வரும், தெலுங்கும் வரும். அதனால் தெலுங்கு மாணவர் வாட்ஸ்அப் குழு, தமிழ் மாணவர் குழு இரண்டிலும் சேரச் சொல்லுங்க. அறை காலி, பழைய மெத்தை, சைக்கிள், விமான நிலையத்தில் இருந்து கார் என்று எல்லாச் செய்தியும் இரண்டு பக்கமும் வரும். சென்னைப் பிள்ளைக்கும் இல்லை, ஹைதராபாத் பிள்ளைக்கும் இல்லை இந்த வசதி!

23. லண்டன் ஈஸ்ட் ஹாம், டொராண்டோ ஸ்கார்பரோ, ஜெர்மனியின் பல நகரங்கள் என எங்கும் ஈழத் தமிழர் மளிகைக் கடைகள் உண்டு. முருங்கைக்காய், அரிசி மாவு, தேங்காய்த் துருவல் எல்லாம் கிடைக்கும். நாலு பேர் சேர்ந்து பெரிய மூட்டை அரிசியாக வாங்கிப் பங்கு போட்டால் கிலோவுக்கு நல்ல வித்தியாசம் தெரியும்.

24. மிளகாய் கிள்ளிப் போட்டுத் தாளித்தால் ஹாஸ்டலில் புகை அலாரம் அலறும், மொத்தக் கட்டடமும் தெருவில் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை ஒரே முறை, புகைபோக்கி ஃபேனைப் போட்டு, சின்னத் தீயில் வெங்காயம் தக்காளித் தொக்கு நிறையச் செய்து ஐஸ் டிரேயில் உறைய வைக்கலாம். தினமும் இரண்டு கட்டி எடுத்துப் போட்டால் குழம்பு, சாம்பார், கூட்டு எதுவானாலும் கால் மணி நேரத்தில் தயார்.

25. வீட்டைப் பார்க்காமல் அட்வான்ஸ் அனுப்பாதீங்க, படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. இங்கிலாந்தில் மாணவர் வாடகைக்கு எடுக்கும் சாதாரண வீட்டுக்கு ஐந்து வார வாடகைக்கு மேல் டெபாசிட் கேட்கக்கூடாது என்பது சட்டம். சாவி வாங்கும் அன்றே சுவர், தரை, அடுப்பு எல்லாவற்றையும் வீடியோ எடுத்து வைத்தால் டெபாசிட் முழுசாகத் திரும்பும்.

26. மாணவர் சலுகையைக் கேட்டு வாங்கணும், தானாக வராது. இங்கிலாந்தில் முழுநேர மாணவர் மட்டும் இருக்கும் வீட்டுக்குக் கவுன்சில் டாக்ஸ் இல்லை, 16-25 ரயில்கார்டு எடுத்தால் டிக்கெட்டில் மூன்றில் ஒரு பங்கு குறையும். ஜெர்மனியில் பஸ், ரயில் பாஸ் பல இடங்களில் செமஸ்டர் கட்டணத்திலேயே அடங்கியிருக்கும், தனியாக வாங்கும் முன் பாருங்க.

27. ஜெர்மனியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலையும் குளிர்பான டின்னையும் தூக்கி எறியாதீங்க, ஒன்றுக்கு 25 சென்ட் கடை மெஷினில் திரும்பக் கிடைக்கும்.

28. சம்பளச் சீட்டைப் படிக்கக் கற்றுக்கொடுங்க. அமெரிக்காவில் எஃப்1 மாணவருக்கு முதல் 5 காலண்டர் வருடம் சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் பிடித்தமான 7.65 சதவீதம் பொதுவாகக் கிடையாது. பிடித்திருந்தால் அலுவலகத்தில் கேட்டு வாங்கலாம். ஆஸ்திரேலியாவில் முதலாளி கட்டும் சூப்பர் என்ற ஓய்வுகாலச் சேமிப்புப் பணத்தை, வீசா முடிந்து ஊர் திரும்பிய பிறகு விண்ணப்பித்து எடுக்கலாம், வரி போக மீதி கைக்கு வரும். பலர் மறந்தே விடுகிறார்கள்.

29. பெற்றோருக்கு ஒன்று. முதல் வருடம் பிள்ளையிடம் "எப்போ பணம் அனுப்புவே" என்று கேட்காதீங்க, பக்கத்து வீட்டுப் பையன் அனுப்பியதையும் சொல்லாதீங்க. அந்தக் கேள்விக்குப் பயந்துதான் பல பிள்ளைகள் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு கூடுதல் ஷிஃப்ட் பார்க்கிறார்கள். வாரம் ஒருமுறை போனில் பேசும்போது, இந்த வாரம் என்ன சமைத்தாய் என்று கேளுங்க. அந்த ஒரு பதிலிலேயே கையில் காசு இருக்கிறதா இல்லையா என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும்.