பயண நூலைக் கற்கும் முறை

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் பயண இலக்கியம் தனிப் பாடமாகவே கற்பிக்கப்படுகிறது; அதனைச் சமூக நீதியோடு இணைத்துக் கற்பிக்கும் வகுப்புகளும் உண்டு. ஊர் சுற்றிப் பார்த்தவர் எழுதியதில் படிப்பதற்கு என்ன இருக்கிறது என்று பெற்றோர் சிலர் வினவுவர். வினா இயல்பானதே. ஆனால் பயண நூல் வெறும் வழிக்குறிப்பு அன்று. ஒருவர் தாம் பிறவாத நாட்டின்மீது கூறும் தீர்ப்பு அது. அத்தீர்ப்பு எந்த அளவுகோலால் கூறப்பட்டது, யாரைக் கேட்டுக் கூறப்பட்டது, யாரைக் கேளாமல் கூறப்பட்டது என்று ஆராய்வதே இப்பாடத்தின் உயிர். பத்தொன்பதாம் நூற்றாண்டில், அடிமை முறை நிலவிய காலத்து அமெரிக்காவைப் பற்றிய நூல்கள் சிலவற்றைக் கொண்டு இதனைக் காண்போம்.

முதலாவது, பிரான்சிஸ் டிராலப் என்னும் ஆங்கில அம்மையார் 1832-இல் வெளியிட்ட 'அமெரிக்கர்களின் இல்லற நடைமுறைகள்'. சின்சினாட்டி நகரில் வாணிகம் நடத்தி நட்டப்பட்டுத் திரும்பியவர் அவர். அமெரிக்கர் புகையிலையை மென்று கண்ட இடத்தில் உமிழ்வதும், உணவை அவசர அவசரமாக விழுங்குவதும் அவருக்குப் பொறுக்கவில்லை. அடிமை முறையையும் அவர் கண்டித்தார் என்பதை மறத்தல் கூடாது. ஆயினும் அவர் கையிலிருந்த அளவுகோல் பெரும்பாலும் தம் நாட்டு வீட்டுக்கூடத்து நாகரிகமே. நூல் மிகுதியாக விற்றது; அமெரிக்கர் மிகுதியாகச் சினந்தனர். இதற்கு மேல் அந்நூலில் நாம் தங்க வேண்டியதில்லை.

ஹேரியட் மார்ட்டினோ அம்மையாரிடம்தான் நாம் நெடுநேரம் தங்க வேண்டும். 1802-இல் இங்கிலாந்தின் நார்விச் நகரில் பிறந்தவர். இளமையிலேயே செவிப்புலன் குன்றியவர். 1834-இல் கப்பலேறி ஏறத்தாழ இரண்டாண்டுகள் அமெரிக்காவில் வடக்கும் தெற்கும் பயணம் செய்தார். காதில் வைத்துக் கேட்கும் ஊதுகுழல் போன்ற கருவி ஒன்றே அவருக்குத் துணை. செவி கேளாதவர் ஒரு நாட்டை எவ்வாறு அறிவார் என்று ஐயுற்றவர்களுக்கு அவர் கூறிய விடை சுவையானது. அக்குழலின் மறுமுனையில் ஒருவர் மட்டுமே பேச இயலும். ஆகவே ஒவ்வொருவரும் தம்மிடம் தனித்து மனம் திறந்து பேசினர் என்றார். குறையையே கருவியாக்கிக்கொண்ட இத்தகையவரை வகுப்பறையில் காணும்போது ஆசிரியர்க்கு உண்டாகும் மகிழ்ச்சி தனி.

பயணத்தின் பயனாக 1837-இல் 'அமெரிக்கச் சமுதாயம்' என்னும் நூலை மூன்று தொகுதிகளாக வெளியிட்டார். இதில் கற்க வேண்டியது அவருடைய அளவுகோல். அமெரிக்காவை அவர் இங்கிலாந்தைக் கொண்டு அளக்கவில்லை. அமெரிக்கா தானே 1776-இல் உலகறியச் செய்த விடுதலைப் பிரகடனத்தைக் கொண்டே அளந்தார். எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டனர், ஆளப்படுவோரின் இசைவினின்றே அரசு அதிகாரம் பெறுகிறது என்று நீங்களே எழுதி வைத்துள்ளீர். அவ்வாறாயின் வயல்களில் விலைக்கு வாங்கப்பட்டு உழைப்போர் யாருடைய இசைவால் ஆளப்படுகின்றனர்? இது அவர் நூல் முழுவதும் கேட்கும் வினா. பெண்களுக்கு அரசியலில் இருப்பே இல்லாமையைப் பற்றி ஒரு தனிப் பகுதியும் எழுதினார். சட்டம் பெண்ணைத் தண்டிக்கிறது, அவள் சொத்துக்கு வரி விதிக்கிறது. அவளுடைய இசைவை மட்டும் கேட்பதில்லை. ஒரு நாட்டை அதன் சொந்த வாக்குறுதியைக் கொண்டு அளப்பவரை, எங்கள் வழக்கம் அயலாருக்குப் புரியாது என்று கூறி எளிதில் ஒதுக்கிவிட இயலாது.

அந்நாட்டார் ஒதுக்க முயலாமலும் இல்லை. 1835 அக்டோபரில் பாஸ்டன் நகரில் அடிமை ஒழிப்பு மகளிர் சங்கத்தின் கூட்டத்தை ஒரு கும்பல் கலைத்து, வில்லியம் லாயிட் கேரிசன் என்னும் பத்திரிகையாசிரியரைத் தெருவில் இழுத்துச் சென்றது. அடுத்த மாதமே அச்சங்கத்தின் கூட்டத்திற்கு மார்ட்டினோ சென்றார். கேட்டுக்கொண்டபோது அடிமை முறைக்கு எதிராகச் சில சொற்கள் பேசினார். அதுவரை விருந்தளித்த வீடுகள் பல கதவை மூடிக்கொண்டன. செய்தித்தாள்கள் இழித்தெழுதின. மிரட்டல்களால் பயண வழியையே மாற்றிக்கொள்ள நேர்ந்தது.

1838-இல் அவர் வெளியிட்ட 'எவ்வாறு உற்றுநோக்குவது' என்னும் நூலைப் பயண நூல் எழுத விரும்பும் மாணவர் கட்டாயம் படித்தல் வேண்டும். சீனாவில் ஒரு வீட்டில் விருந்துண்ட ஆங்கிலேயப் பயணி ஒருவரை அதில் காட்டுகிறார். வீட்டுக்காரர் குடித்திருந்தார், வீட்டம்மையின் தலைமுடி செந்நிறம். உடனே, சீனத்து ஆடவர் எல்லாரும் குடிகாரர், பெண்டிர் எல்லாரும் செம்முடியர் என்று அவர் குறிப்பேட்டில் எழுதிவிட்டாராம்! மனிதர் பேச்சைவிட அவர்கள் ஆக்கிவைத்த பொருள்களையும் நிறுவனங்களையும் முதலில் காண்க என்பது மார்ட்டினோவின் விதி. சிறைச்சாலை, கல்லறை எழுத்து, மக்கள் பாடும் பாடல் ஆகியவற்றைக் கண்டபின், பேச்சை அவற்றுக்கு உரையாகக் கொள்ளலாம். ஆசிரியப் பயிற்சி மாணவியர் பள்ளிகளைப் பார்வையிடச் செல்லும்போது குறிப்பேட்டை இரண்டாகப் பகுத்து, இடப்புறம் கண்டதையும் வலப்புறம் கருதியதையும் எழுதுமாறு நான் பணிப்பதுண்டு. வலப்புறமே முதலில் நிரம்பும்!

எனினும் மார்ட்டினோவையும் வினவிப் படித்தல் வேண்டும். தெற்கில் அவர் தங்கியவை பெரும்பாலும் அடிமைகளை உடைமையாகக் கொண்டோரின் இல்லங்கள். 1835 பிப்ரவரியில் வர்ஜீனியாவில் முன்னாள் குடியரசுத் தலைவர் ஜேம்ஸ் மாடிசனின் விருந்தினராக இருந்தார். அரசியல் சட்டத்தின் தந்தை எனப் போற்றப்படும் அம்முதியவர், அடிமை முறையின் தீமைகளையெல்லாம் மறுக்காமல் ஒப்புக்கொண்டு நெடுநேரம் பேசினார். தம் அடிமைகளை மட்டும் விடுவித்தாரல்லர். உடைமையாளரின் உரையாடல் நூலில் பக்கம் பக்கமாக வருகிறது. அவ்வீடுகளில் பரிமாறி நின்றோரின் சொற்கள் அருகியே காணப்படுகின்றன. யார் அளித்த உணவை உண்டு இது எழுதப்பட்டது என்னும் வினாவை எந்தப் பயண நூலின் ஓரத்திலும் மாணவர் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

1842-இல் அமெரிக்கா சென்ற சார்லஸ் டிக்கன்ஸ் வர்ஜீனியாவின் ரிச்மண்ட் நகரோடு தெற்குப் பயணத்தை நிறுத்திக்கொண்டார். அவர் நேரில் கண்டது சிறிது. ஆயினும் 'அமெரிக்கக் குறிப்புகள்' நூலின் அடிமை முறை பற்றிய அதிகாரம் இன்றும் படிப்பவரை உலுக்குகிறது. தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துத் தருமாறு உடைமையாளரே செய்தித்தாள்களில் கொடுத்த விளம்பரங்களை அவர் வரிசையாக அடுக்குகிறார். அடையாளமாகக் குறிக்கப்பட்டவை கழுத்திலிட்ட இரும்பு வளையம், சூடிட்ட தழும்பு, அறுபட்ட காது முதலியன. கொடுமை செய்தவரின் கையெழுத்தே சான்றாகிவிட்டது. அவ்விளம்பரங்களைத் தேடித் திரட்டியவர் டிக்கன்ஸ் அல்லர். தியடோர் வெல்டு என்பவரும் கிரிம்கே சகோதரியரும் 1839-இல் வெளியிட்ட தொகுப்பிலிருந்து அவர் எடுத்தாண்டார். அவர்கள் பெயரைச் சொன்னாரில்லை. நீதிக்காக எழுதிய நூலிலும் இத்தகைய அநீதி நேர்கிறது என்பதனை மாணவர் குறித்துக்கொள்க.

இதுவரை கூறியவை எல்லாம் அயலார் பார்வை. பார்க்கப்பட்டவரே பயணியானால்? கென்டக்கியில் அடிமையாகப் பிறந்த வில்லியம் வெல்ஸ் பிரவுன் 1834-இல் தப்பினார். 1849-இல் பாரிஸ் அமைதி மாநாட்டிற்குப் பேராளராகச் சென்றார். 1850-இல் தப்பியோடியோரை மீட்டு ஒப்படைக்கும் கடுஞ்சட்டம் வந்தமையால் தாய்நாடு திரும்ப இயலாமல் பிரித்தானியாவிலேயே தங்கினார். 1852-இல் இலண்டனில் வெளிவந்த அவருடைய 'ஐரோப்பாவில் மூன்றாண்டுகள்', ஆப்பிரிக்க அமெரிக்கர் எழுதிய முதல் பயண நூலாகக் கருதப்படுகிறது. அருங்காட்சியகம், கவிஞர் வாழ்ந்த இல்லம், பழைய மடாலயம் எனப் பிறரைப் போலவே அவரும் கண்டு மகிழ்ந்து எழுதுகிறார். அம்மகிழ்ச்சியை அரசியலற்றது என்று எண்ணிவிடக் கூடாது. தம்மைப் பொருளாகக் கணக்கெழுதிய நாட்டின் முன்பு, கண்டு சுவைக்கவும் தேர்ந்து கூறவும் வல்ல மனிதராக அவர் தம்மை நிறுத்திக்கொள்கிறார்.

1854-இல் ஆங்கில நண்பர்கள் பணம் கொடுத்து அவருடைய விடுதலையை வாங்கினர். 1855-இல் பாஸ்டனில் வெளிவந்த விரிந்த பதிப்பின் இறுதியில் தாம் திரும்பி வந்ததை எழுதியுள்ளார். பிலடெல்பியாவில் இறங்கி, உடன் கப்பலில் வந்த அயல்நாட்டார் இருவரோடு பொதுவண்டி ஒன்றில் ஏற முற்பட்டார். அவ்விருவரும் ஏற்றிக்கொள்ளப்பட்டனர். இலண்டனிலும் பாரிஸிலும் அத்தகைய வண்டிகளில் தடையின்றிச் சென்று பழகிய பிரவுன், அந்நாட்டிலேயே பிறந்தவர், தெருவில் நிறுத்தப்பட்டார்.