பொனேரா, குராசாவா?

அன்புள்ள அம்மு,

மாப்பிள்ளையோடு கரீபியன் கடலுக்கு டைவ் அடிக்கப் போகிறாயாம், கையில் ஒரு வாரம்தான் லீவாம். அருபா, பொனேர், குராசாவ் மூன்றில் எந்தத் தீவு என்று பெரியப்பாவிடம் கேட்டுச் சொல்லும்படி உன் அப்பாவிடம் சொன்னாயாமே.

மூன்றும் வெனிசுவேலாவின் வடகரைக்கு எதிரே அடுத்தடுத்துக் கிடப்பவை, டச்சு முடியரசைச் சேர்ந்தவை. புயல்கள் வழக்கமாகப் போகும் பாதைக்குத் தெற்கே ஒதுங்கியிருப்பதால் செப்டம்பர், அக்டோபரில்கூடப் பெரிய பயமில்லை. வருடம் முழுக்கக் கிழக்கிலிருந்து காற்று அடிக்கும். அந்தப் பக்கக் கரையில் அலை மோதும். மேற்கிலும் தென்மேற்கிலும் கடல் அடங்கியிருக்கும். டைவ் எல்லாம் அங்கேதான்.

அருபாவை முதலிலேயே கழித்துவிடலாம். மணலுக்கும் காசினோவுக்கும் போகிறவர்களின் தீவு அது. ‘அன்டில்லா’ என்ற கப்பலை நினைத்தால் மட்டும் மனசு கொஞ்சம் ஊசலாடும். 1940 மே 10 அன்று ஹிட்லரின் படை நெதர்லாந்துக்குள் புகுந்தது. அருபா கரையோரம் நங்கூரமிட்டிருந்த இந்த ஜெர்மன் சரக்குக் கப்பலை ஒப்படைக்கச் சொன்னார்கள் டச்சுக்காரர்கள். ஒப்படைப்பதற்குப் பதில் மாலுமிகளே அதை மூழ்கடித்துவிட்டார்கள். சுமார் 120 மீட்டர் நீளக் கப்பல், இன்றும் 18 மீட்டர் ஆழத்துக்குள்தான் கிடக்கிறது. அந்த மாலுமிகளைப் பிடித்து அடைத்து வைத்தது பொனேரில். அந்த முகாம் பின்னாளில் ஹோட்டலானது தனிக்கதை! ஆனாலும் ஒரு கப்பலுக்காக ஒரு வாரத்தைக் கொடுக்க முடியாது.

டைவர்களிடம் கேட்டால் பத்தில் ஒன்பது பேர் பொனேர் என்பார்கள். தப்பில்லை. அங்கே கார்களின் நம்பர் பிளேட்டிலேயே ‘டைவர்களின் சொர்க்கம்’ என்றுதான் எழுதியிருக்கிறது. 1979-லிருந்து தீவைச் சுற்றி 60 மீட்டர் ஆழம் வரை கடல் பாதுகாக்கப்பட்ட பூங்கா. மீனை ஈட்டியால் குத்தக் கூடாது. கையுறைகூடப் போடக் கூடாது, ஏனென்றால் கையுறை போட்ட கை பவளத்தைப் பிடித்துக்கொள்ளத் துணியும்.

அங்கே படகுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு பிக்அப் வண்டியை வாடகைக்கு எடுத்துப் பின்னால் டேங்குகளை அடுக்கிக்கொண்டு கரையோரச் சாலையில் போனால், மஞ்சள் பெயின்ட் அடித்த கற்கள் வரிசையாக வரும். ஒவ்வொன்றிலும் ஒரு டைவ் இடத்தின் பெயர். பிடித்த கல்லருகே வண்டியை நிறுத்தி, மாட்டிக்கொண்டு, தண்ணீருக்குள் நடக்க வேண்டியதுதான். பல இடங்களில் கொஞ்ச தூரம் நீந்தினாலே பவளச் சரிவு தொடங்கிவிடும். வண்டிக்குள் மட்டும் எதையும் வைக்கக் கூடாது. கண்ணாடியை இறக்கிவிட்டுப் போவதுதான் அங்கே வழக்கம், திருட வருகிறவன் உடைக்காமல் எட்டிப் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று.

‘ஹில்மா ஹூக்கர்’ கிடப்பதும் அந்தச் சாலையோரம்தான். 1984-ல் இயந்திரக் கோளாறோடு பொனேருக்கு வந்த கப்பல். போலித் தடுப்புக்குப் பின்னால் டன் கணக்கில் கஞ்சா இருந்தது. உரிமையாளர் யாரும் தலைகாட்டவில்லை. கேட்பாரற்று நின்ற கப்பல் அந்த வருடம் செப்டம்பரில் மூழ்கியது. இன்று 30 மீட்டர் ஆழத்தில் ஒருக்களித்துப் படுத்திருக்கிறது.

இவ்வளவு சொல்லிவிட்டு, இந்தத் தடவை உனக்கு பொனேர் வேண்டாம் என்கிறார் பெரியப்பா.

காரணம் மாப்பிள்ளை. அவர் டைவ் அடிப்பதில்லை. பொனேரின் சுதந்திரம் முழுக்க ஜோடியாக வருகிற டைவர்களுக்கானது. கூட இறங்க ஆள் இல்லாமல் அந்த மஞ்சள் கற்களைத் தாண்டி ஒரு அடி வைக்கக் கூடாது. நீயோ பாண்டிச்சேரியில் கற்றவள். படகிலிருந்து குதித்துப் பழக்கமே தவிர, வழுக்கும் கல்லிலும் உடைந்த பவளத்திலும் டேங்கைச் சுமந்து நடந்து பழக்கமில்லை. ஒவ்வொரு நாளும் வழிகாட்டிக்குக் காசு கொடுத்துப் போவதென்றால், அந்தத் தீவுக்கே உரிய பெரிய வசதியைக் கோட்டை விட்டது மாதிரிதான். நீ தண்ணீருக்குள் இருக்கும் நேரத்தில் அவருக்கு என்ன இருக்கிறது? உப்பளம், ஃபிளமிங்கோ, ஒரு சின்ன ஊர். இரண்டு நாளில் தீர்ந்துவிடும்.

குராசாவில் இந்தச் சிக்கல் குறைவு. ஒன்றரை லட்சம் பேர் வாழும் தீவு. தலைநகர் வில்லெம்ஸ்டாட்டின் பழைய வீதிகள் 1997-லிருந்து யுனெஸ்கோ பட்டியலில் இருக்கின்றன. துறைமுக வாயிலில் 1888-ல் கட்டிய மிதவைப் பாலம் கப்பல் வரும்போது மொத்தமாக ஒரு பக்கம் ஒதுங்கி வழிவிடும். மாப்பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டே அரைநாள் ஓட்டுவார்.

உனக்கு அங்கே முதல் டைவ் காரகாஸ் வளைகுடாவில். ஐந்து மீட்டர் ஆழத்தில் ஒரு சின்ன இழுவைப் படகு நிமிர்ந்து நிற்கிறது, உடம்பெல்லாம் பவளம் படர்ந்து. ஆழம் குறைவு என்பதால் மாப்பிள்ளையும் ஸ்னார்க்கல் மாட்டிக்கொண்டு, லைஃப் ஜாக்கெட்டோடு, மேலேயிருந்து அதையே பார்க்கலாம். இருவரும் ஒரே கப்பலைப் பார்க்கிற இடம் பொனேரில் சுலபமாகக் கிடைக்காது. வடமேற்கில் ‘காளான் காடு’ என்ற இடத்துக்குப் படகில்தான் போவார்கள். அடிப்பக்கம் அரிக்கப்பட்ட பவளத் திரள்கள் நிஜமாகவே காளான் மாதிரி நிற்கும். துறைமுகத்துக்கு அருகே ‘சுப்பீரியர் புரொட்யூசர்’ கிடக்கிறது, 1977-ல் மூழ்கியது. அது 30 மீட்டர் ஆழம். அட்வான்ஸ்டு கோர்ஸ் முடிக்காமல் அந்தப் பக்கம் போகாதே.

இரண்டு தீவையும் ஒரே வாரத்தில் முடித்துவிடலாமே என்று உனக்குத் தோன்றும். விமானத்தில் அரைமணிகூட ஆகாதுதான். ஆனால் தொடர்ந்து டைவ் அடித்த உடம்பில் நைட்ரஜன் தங்கியிருக்கும். குறைந்தது 18 மணி நேரம் கழித்துத்தான் பறக்க வேண்டும் என்பது டைவர்கள் பின்பற்றும் விதி. தீவு மாறினால் நடுவில் ஒரு நாள் போச்சு, ஊர் திரும்பும்போது இன்னொரு நாள் போச்சு. பொனேரில் நுழைவு வரியும் பூங்காக் கட்டணமும் தனி. குராசாவிலேயே ஆறு நாள் இரு. கடைசி நாளை வில்லெம்ஸ்டாட்டுக்கு ஒதுக்கிவிடு, அன்று தண்ணீரில் இறங்காதே.

டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் விசாவை விசாரித்துக்கொள். டச்சுக் கொடி பறந்தாலும் இந்தத் தீவுகள் ஷெங்கன் எல்லைக்கு வெளியே இருக்கின்றன. நெதர்லாந்து தூதரகத்திலேயே கேட்டுவிடு, ஏஜென்ட் சொன்னான் என்று கிளம்பாதே. எங்காவது கரையிலிருந்து கல்லில் நடந்து இறங்க வேண்டி வந்தால் உதவும், கெட்டியான அடியுள்ள பூட்ஸை இங்கேயே வாங்கிப் போட்டுப் பழகிக்கொள்.

அன்புடன்,
பெரியப்பா