பொம்மை நாற்காலியின் பௌதிகம்

சென்ற நவராத்திரிக்கு என் மகள் ஒரு கோரிக்கை வைத்தாள். கொலுப்படியில் நிற்கும் மரப்பாச்சிக்கு உட்கார ஒரு நாற்காலி வேண்டும். கடையில் வாங்கியது கூடாது. நானே செய்து தர வேண்டும். கல்லூரியில் பௌதிகம் கற்பிக்கும் தந்தைக்கு ஒரு பொம்மை நாற்காலி செய்யத் தெரியாதா? அளவு எடுத்தேன், அறுத்தேன், இழைத்தேன், ஒட்டினேன். அழகான நாற்காலி ஒன்று உருவாயிற்று. மரப்பாச்சியை அதில் சாய்த்து உட்கார வைத்தோம். நன்றாகவே தாங்கியது. மறுநாள் காலை, மேல்படிக்கு எட்டுவதற்காக மகள் அந்த நாற்காலியின் மேல் இலேசாகக் கையை ஊன்றினாள். 'பட்' என்று கால் ஒடிந்தது. அவள் அழுதாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

ஒடிந்த நாற்காலியை எடுத்துக்கொண்டு கோலியனூர் கூட்டுச் சாலைக்கு அருகிலுள்ள தச்சுப் பட்டறைக்குப் போனோம். வயதான ஆசாரி ஒடிந்த இடத்தை ஒரு முறை பார்த்தார், சிரித்தார்.

"சார், இது பலமா தட்டி ஒடிஞ்சது இல்ல. நீங்க அறுத்த அன்னிக்கே ஒடிஞ்சுபோச்சு. இன்னிக்கிதான் தெரிஞ்சுது" என்றார்.

மகள் விடவில்லை. "தாத்தா, நீங்க நல்லா செஞ்சு குடுங்க. அப்புறம் இதே மாதிரி பெருசா ஒண்ணு தம்பிக்கும் செஞ்சு குடுங்க" என்றாள். என் மகனுக்கு அப்போது ஒரு வயது.

"பாப்பா, பொம்மைக்கு நின்னது புள்ளைக்கு நிக்காது. தம்பி நாற்காலிக்குக் கணக்கே வேற" என்றார் அவர்.

மாணவ நண்பர்களே, அவர் சொன்ன இரண்டு வாக்கியங்களிலும் ஆழமான விஞ்ஞானம் இருக்கிறது. அறுத்த அன்றே நாற்காலி ஒடிந்தது எப்படி? பொம்மையைத் தாங்கும் வடிவம் பிள்ளையை ஏன் தாங்காது? இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம்.

அளவைச் சுருக்குதல்

எங்கள் மரப்பாச்சியின் உயரம் 25 செ.மீ. ஒரு பெண்ணின் உயரம் 150 செ.மீ. என்று கொண்டால், பொம்மை ஆறில் ஒரு பங்கு. ஆகவே வீட்டு நாற்காலியின் எல்லா அளவுகளையும் ஆறால் வகுத்தேன். 45 செ.மீ. உயரத்தில் இருந்த இருக்கை 7.5 செ.மீ. உயரத்துக்கு வந்தது. 90 செ.மீ. உயரமுள்ள முதுகு 15 செ.மீ. ஆயிற்று. 42 மி.மீ. சதுரமான கால் 7 மி.மீ. சதுரமாகச் சுருங்கியது.

பெரிய பொருளை ஒரே விகிதத்தில் சுருக்கிச் செய்வது உலகெங்கும் உள்ள கலை. புது டில்லியின் பெரும் மாளிகைகளை வடிவமைத்த எட்வின் லட்டியன்ஸ், இங்கிலாந்தின் மேரி அரசிக்காக ஒரு பொம்மை வீட்டையும் வடிவமைத்தார். 1924-இல் முடிந்த அந்த வீடும், அதிலுள்ள மேசை நாற்காலிகளும் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில் அமைந்தவை. இன்றும் அது விண்ட்சர் கோட்டையில் இருக்கிறது.

நீளம் ஒரு வழி, எடை ஒரு வழி

நீளத்தை ஆறில் ஒன்றாக்கினால் பரப்பு என்ன ஆகும்? 6 × 6 = 36; ஆகவே முப்பத்தாறில் ஒன்றாகும். பருமன்? 6 × 6 × 6 = 216; இருநூற்றுப் பதினாறில் ஒன்றாகும். எடை பருமனைப் பொறுத்தது. ஆனால் காலின் தாங்கும் வலிமை அதன் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது. இரண்டும் ஒரே விகிதத்தில் சுருங்குவதில்லை என்பதைக் கவனியுங்கள்.

எண்களில் பார்ப்போம். 54 கி.கி. எடையுள்ள பெண் வீட்டு நாற்காலியில் உட்காருகிறாள். நான்கு கால்களின் மொத்தப் பரப்பு 4 × 4.2 × 4.2 = ஏறத்தாழ 70.6 சதுர செ.மீ. ஒவ்வொரு சதுர செ.மீ. மீதும் விழும் பாரம் சுமார் 0.77 கி.கி. அவளை ஆறில் ஒரு பங்காகச் சுருக்கினால் எடை 54 ÷ 216 = 0.25 கி.கி.; அதாவது கால் கிலோ. பொம்மை நாற்காலிக் கால்களின் மொத்தப் பரப்பு 4 × 0.7 × 0.7 = 1.96 சதுர செ.மீ. பாரம் சதுர செ.மீ.க்கு 0.13 கி.கி. மட்டுமே. சரியாக ஆறில் ஒரு பங்கு! பொம்மை நாற்காலி தன் எசமானியை ஆறு மடங்கு சுலபமாகத் தாங்குகிறது.

இங்கே ஒரு சுவையான செய்தி. பழைய மரப்பாச்சிகள் செம்மரத்தில் கடைந்தவை. மனித உடலின் அடர்த்தி ஏறத்தாழ நீரின் அடர்த்திதான். நன்கு முதிர்ந்த செம்மரமோ நீரில் மூழ்கும் அளவுக்குக் கனமானது. ஆகவே உடலமைப்பும் அதே விகிதத்தில் இருந்தால், மரப்பாச்சி தன் உயரத்துக்கு ஏற்ற மனித எடையையே கொண்டிருக்கும் என்று சொல்லலாம். பஞ்சு பொம்மைக்கு இந்தப் பெருமை இல்லை.

இப்போது கணக்கைத் திருப்பிப் போடுங்கள். 25 செ.மீ. பொம்மைக்குச் செய்த நாற்காலியை 75 செ.மீ. உயரமுள்ள குழந்தைக்காக மூன்று மடங்கு பெரிதாக்குகிறோம். கால்களின் பரப்பு 9 மடங்கு ஆகும். ஏறி உட்காருபவரின் எடையோ 27 மடங்கு. ஒவ்வொரு சதுர செ.மீ.யும் மூன்று மடங்கு பாரம் சுமக்க வேண்டும். போதாததற்கு, மரப்பாச்சி அசையாமல் உட்காரும், தம்பி குதிப்பான். பொம்மையின் மெல்லிய, அழகிய கால்களை அப்படியே பெரிதாக்கிக் குழந்தையை உட்கார வைப்பது ஆபத்து. ஆசாரி மறுத்ததன் காரணம் இதுதான்.

இந்த உண்மையை முதலில் தெளிவாக எழுதியவர் கலிலியோ. 1638-இல் வெளிவந்த தம் நூலில், சிறு மாதிரி உறுதியாக நிற்பதால் அதே வடிவிலுள்ள பெரிய பொருளும் நிற்கும் என்று நம்பக் கூடாது என்று அவர் விளக்கினார். யானையின் கால் மானின் கால்போல் மெலிந்திராததற்கும் இதுவே காரணம்.

சுருங்காத கை

அப்படியானால் ஒரு சந்தேகம் எழ வேண்டும். பொம்மை நாற்காலி ஆறு மடங்கு உறுதியானது என்றால், என் நாற்காலி ஏன் ஒடிந்தது?

நான் பெண்ணைச் சுருக்கினேன், நாற்காலியைச் சுருக்கினேன். ஆனால் என் மகளின் கையைச் சுருக்கவில்லை! விளையாட்டுப் பொருளின் உண்மையான பாரம் பொம்மை அன்று, குழந்தை. குழந்தையின் கை பக்கவாட்டில் தள்ளும், கால் மிதிக்கும், பொருள் தரையில் விழும்.

பக்கவாட்டில் தள்ளும்போது கால் வளைகிறது. சதுரக் கம்பு ஒன்று வளைவைத் தாங்கும் திறன் அதன் தடிமனின் முப்படியைப் பொறுத்து ஏறும். நீளத்தைப் பொறுத்து இறங்கும். ஆறில் ஒன்றாகச் சுருக்கியதால் முப்படி 216-இல் ஒன்றாயிற்று. நீளமும் ஆறில் ஒன்றானதால் சற்று ஈடு கிடைத்தது. முடிவில் திறன் 36-இல் ஒன்று. தேக்கின் வளைவு வலிமையைச் சதுர செ.மீ.க்கு ஏறத்தாழ 900 கி.கி. என்று வைத்துக் கணக்கிட்டால், 7 மி.மீ. சதுரமும் 7.5 செ.மீ. நீளமும் உள்ள ஒரு கால் நுனியில் ஏறக்குறைய 7 கி.கி. பக்கவாட்டு விசையைத் தாங்க வேண்டும்.

ஏழு கிலோ! மகள் இலேசாகத்தானே கையை ஊன்றினாள்? கணக்கு இன்னும் முடியவில்லை.

நாரின் ஓட்டம்

ஆசாரி ஒடிந்த முனையைக் காட்டினார். அது கத்தியால் நறுக்கியதுபோல் மழமழவென்று இருந்தது. "நல்லபடியா அறுத்த குச்சி ஒடிஞ்சா சிலாம்பு சிலாம்பா நிக்கும், சார்" என்றார்.

மரம் இரும்பைப்போல் எல்லாத் திசையிலும் ஒரே தன்மை உடையதன்று. வைக்கோல் தாள்களைச் சேர்த்து ஒட்டிய கட்டு ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். தாள்கள் நெடுக ஓடும் செல்லுலோஸ் நார்கள். அவற்றை ஒட்டும் பசை லிக்னின். நாரை அறுத்து ஒடிப்பது கடினம்; நாருக்கும் நாருக்கும் இடையே பிளப்பது எளிது. விறகு பிளப்பவர் கோடரியை எந்தத் திசையில் போடுகிறார் என்று பாருங்கள், புரியும். நாருக்குக் குறுக்கே இழுத்தால் மரத்தின் வலிமை, நெடுக இழுக்கும்போது உள்ளதில் இருபதில் ஒரு பங்கு அளவுதான் இருக்கும்.

என்னிடம் இருந்தது ஒரு சிறு தேக்குப் பலகைத் துண்டு. மரத்தை மிச்சப்படுத்த, கால்களை அதன் அகலவாக்கில் அறுத்தேன். நார் காலின் நெடுக்கே ஓடாமல் குறுக்கே ஓடியது. ஏழு கிலோ தாங்க வேண்டிய கால் ஏறத்தாழ 350 கிராம்தான் தாங்கும். மரப்பாச்சியின் கால் கிலோ நேராக அழுத்தியது. நான்கு கால்களும் பங்கிட்டுத் தாங்கின. கை பக்கவாட்டில் தள்ளியதும் நார்கள் பிரிந்துவிட்டன. 'அறுத்த அன்றே ஒடிந்தது' என்பதன் பொருள் இப்போது விளங்குகிறதல்லவா?

காற்றின் ஈரம்

மரம் ஈரத்தை உறிஞ்சி வீங்கும், உலர்ந்து சுருங்கும். பச்சை மரம் முற்றிலும் உலரும்போது நீளவாக்கில் நூற்றில் 0.1 அல்லது 0.2 பங்குதான் சுருங்கும். ஆண்டு வளையங்களின் வாக்கில் பல மரங்கள் நூற்றுக்கு 6 முதல் 10 பங்குவரை சுருங்கும். தேக்கு இதில் சாது, குறைவாகவே சுருங்கும்.

7 செ.மீ. அகலமுள்ள பச்சைப் பலகை 8 சதவீதம் சுருங்கினால் 5.6 மி.மீ. குறைந்துவிடும். பொம்மை நாற்காலியில் அது பெரிய அளவு. இன்னொன்றும் உண்டு. ஈரம் மரத்துக்குள் பரவ ஆகும் நேரம் தடிமனின் இருபடியைப் பொறுத்தது. ஆறில் ஒரு பங்கு தடிமனுள்ள துண்டு 36-இல் ஒரு பங்கு நேரத்தில் காய்ந்துவிடும். பெரிய கால் 36 நாளில் காண்பதைச் சிறிய கால் ஒரே நாளில் காணும்! சித்திரை வெயிலும் ஐப்பசி மழையும் பொம்மைச் சாமான்களை உடனுக்குடன் ஆட்டிவைக்கும். ஆகவே பழைய, நன்கு காய்ந்த மரமே நமக்கு வேண்டும்.

மரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நுண்ணிய நாருள்ளதைப் பாருங்கள். நாம் பொருளைச் சுருக்கினாலும் மரத்தின் துளைகளும் ரேகைகளும் சுருங்குவதில்லையே! கர்நாடகத்துச் சன்னபட்டணத்தில் பொம்மை கடைபவர்கள் மென்மையான வெட்பாலையை விரும்புவது இதனால்தான். கள்ளக்குறிச்சி, அரும்பாவூர்ச் சிற்பிகள் வாகையில் செதுக்குகிறார்கள். நமக்குப் பக்கத்தில் பண்ருட்டிப் பலா இருக்கிறது. பட்டறைகளில் பலா, வேம்பு, தேக்குத் துண்டுகள் கேட்டால் கிடைக்கும். செம்மரத்தை நாடாதீர்கள், அது சட்டத்தின் பாதுகாப்பில் உள்ள அரிய மரம்.

செய்து பாருங்கள்

பெரியவர் ஒருவர் உடனிருக்க வேலை செய்யுங்கள்.

தேவை: 10 மி.மீ. சதுரமும் 75 செ.மீ. நீளமும் உள்ள, நார் நெடுக ஓடும் குச்சி ஒன்று, 7 செ.மீ. × 6 செ.மீ. அளவும் 8 மி.மீ. கனமும் உள்ள பலகை, 3 மி.மீ. தடிப்புள்ள மூங்கில் குச்சி, மரப் பசை, உப்புத்தாள். (கால் 7-க்குப் பதில் 10 மி.மீ. ஏன்? 7-இன் முப்படி 343. 10-இன் முப்படி 1000. ஏறத்தாழ மூன்று மடங்கு வலிமை!)

1. குச்சியிலிருந்து 67 மி.மீ. முன்கால் 2, 150 மி.மீ. பின்கால் 2, 50 மி.மீ. குறுக்குக் கட்டை 6 அறுங்கள். மொத்தம் 734 மி.மீ. ஒவ்வோர் அறுப்பிலும் இரம்பம் ஒரு மி.மீ. தின்னும் என்பதை மறவாதீர்கள்.

2. கட்டைகளின் முனைகளிலும் கால்களிலும் 3 மி.மீ. துளையை 5 மி.மீ. ஆழத்துக்கு இடுங்கள். பக்கக் கட்டைகளின் மேற்புறம் முன்கால்களின் மேல்மட்டத்தோடு சேரட்டும். முன், பின் கட்டைகளை அவற்றிற்கு ஒரு செ.மீ. கீழே வையுங்கள்; ஒரே மட்டத்தில் வைத்தால் காலுக்குள் துளைகள் மோதிக்கொள்ளும்.

3. மூங்கில் குச்சியிலிருந்து 9 மி.மீ. நீளத்தில் 12 முளைகள் நறுக்கிப் பசையிட்டு இணையுங்கள். இரும்பு ஆணி வேண்டாம். அது ஆப்புப்போல் நாரைப் பிளந்துவிடும்.

4. மீதி இரு கட்டைகளைப் பின்கால்களுக்கிடையே 11, 14 செ.மீ. உயரங்களில் முதுகாகப் பொருத்துங்கள்.

5. இருக்கைப் பலகையின் நார் இடமிருந்து வலமாக ஓடட்டும். முன்விளிம்பில் மட்டும் பசையிடுங்கள். பின்பக்கம் ஒரு மி.மீ. இடைவெளி விடுங்கள். மழைக்காலத்தில் பலகை வீங்க இடம் வேண்டுமல்லவா?

ஓர் இரவு காயவிட்டு, முனைகளை உப்புத்தாளால் மழுக்குங்கள்.

ஓர் எச்சரிக்கை

வாயில் வைத்துப் பார்ப்பது குழந்தையின் இயல்பு. பழைய வண்ணப்பூச்சு டப்பாக்களைத் தொடாதீர்கள். அவற்றில் ஈயம் இருக்கலாம். ஈயம் சிறுவர்களின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இந்தியாவில் வீட்டுப் பூச்சுகளில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற விதி 2017 நவம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. சன்னபட்டணத்தார் அரக்கு பூசும் முறை அழகானது: கடைசலில் சுழலும் மரத்தின் மீது அரக்குக் குச்சியை அழுத்துவார்கள்; உராய்வு வெப்பத்தில் அரக்கு உருகிப் படியும். நமக்குப் பூச்சே வேண்டாம். மரத்தின் நிறமே அழகு.

மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை வீட்டில் இருந்தால், 32 மி.மீ. அகலமுள்ள சிறு குழாய்க்குள் அடங்கும் எந்தத் துண்டையும் எட்டாத இடத்தில் வையுங்கள். அது தொண்டையில் அடைக்கக்கூடும். மேலே நாம் அறுத்த மூங்கில் முளைகள் அத்தகையவை. எண்ணி எடுத்து வையுங்கள்.

ஆசாரி தந்த பலாக் குச்சியில் மகளும் நானும் இரண்டாவது நாற்காலியைச் செய்தோம். இம்முறை நாரின் ஓட்டத்தைப் பார்த்துப் பென்சிலால் கோடு போட்டவள் அவள். விஜயதசமியன்று மரப்பாச்சி அதில் உட்கார்ந்தது. மகள் வேண்டுமென்றே கையை ஊன்றிப் பார்த்தாள். நாற்காலி நின்றது. தம்பியின் நாற்காலியை ஆசாரியே தம் கணக்குப்படி, தடித்த கால்களோடு செய்து கொடுத்தார்.

சிந்திக்க

1. 180 செ.மீ. நீளமுள்ள கட்டில் 36 கி.கி. எடையுள்ளது. அதே மரத்தில், அதே விகிதத்தில் 30 செ.மீ. நீளமுள்ள பொம்மைக் கட்டில் செய்தால் எடை எத்தனை கிராம்?

2. நாற்காலிக் காலின் தடிமனை 10 மி.மீ.லிருந்து 12 மி.மீ. ஆக்கினால் வளைவைத் தாங்கும் திறன் எத்தனை மடங்கு கூடும்?

3. உங்கள் வீட்டு நாற்காலியின் கால்களில் நார் எந்தத் திசையில் ஓடுகிறது? இன்றே குனிந்து பாருங்கள்.