ஒரு மில்லி மீட்டருக்குப் பத்தாயிரம் பேர்!



"பாலிடெக்னிக் படிக்கிறவனுக்கு எதுக்குப்பா சரித்திரம்?" என்று கேட்பீர்கள். நானும் அப்படி நினைத்தவன்தான், ஒரு வரைபடத்தைப் பார்க்கும் வரை. அதை வரைந்தவர் நம்ம ஆள்! பிரான்ஸ் நாட்டு சிவில் என்ஜினீயர் சார்லஸ் ஜோசப் மினார். 1869-ல், தமது 88-வது வயதில் வரைந்தார். அதில் இருப்பது பாலமோ சாலையோ அல்ல. 1812-ல் நெப்போலியன் ரஷ்யாவுக்கு நடத்திச் சென்ற படை.

முதலில் அந்தப் பேரரசு வளர்ந்த கதை. 1769-ல் கார்சிகா தீவில் பிறந்த நெப்போலியன், 1804-ல் தன் கையாலேயே முடிசூடிப் பிரான்சின் பேரரசன் ஆனான். 1805-ல் ஆஸ்டர்லிட்ஸில் ஆஸ்திரிய, ரஷ்யப் படைகளையும், 1806-ல் யேனாவில் பிரஷ்யாவையும் வென்றான். 1809-ல் ரோம், 1810-ல் ஹாலந்து என்று சேர்த்துக்கொண்டே போனான். 1811-ல் பேரரசில் 130 மாவட்டங்கள்! ஸ்பெயினில் அண்ணன் அரசன், நேப்பிள்ஸில் தங்கை கணவன் அரசன்.

இவ்வளவும் எப்படி முடிந்தது? வேகம்தான் காரணம். உணவு மூட்டைகளை அதிகம் சுமக்காமல், போகிற ஊரிலேயே தானியத்தையும் தீவனத்தையும் எடுத்துக்கொள்ளும் படை அது. செழிப்பான இத்தாலியிலும் ஜெர்மனியிலும் இது பலித்தது.

இங்கிலாந்தோடு ஐரோப்பா வியாபாரம் செய்யக்கூடாது என்பது அவன் 1806-ல் போட்ட தடை. ரஷ்யப் பேரரசன் அலெக்சாண்டர் 1810 கடைசியில் அதிலிருந்து நழுவினான். 1812 ஜூனில் நெப்போலியன் நீமன் ஆற்றைத் தாண்டினான். மாஸ்கோ ஏறத்தாழ 900 கி.மீ. தூரம். வழியில் ஊர்கள் குறைவு, சாலைகள் மோசம். பின்வாங்கிய ரஷ்யர்கள் தானியக் கிடங்குகளைக் கொளுத்திவிட்டுப் போனார்கள். பின்னால் வந்த உணவு வண்டிகளால் படையை எட்டிப் பிடிக்க முடியவில்லை. நம்ம பாஷையில் சொன்னால், ஸ்பேனை நீட்டிக்கொண்டே போனான். தாங்குகிற தூண் போதவில்லை!

இனி மினாரின் ஸ்கேலைப் பாருங்கள். 1 மி.மீ. அகலம் என்றால் 10,000 பேர். புறப்பட்டது 4,22,000 பேர். பட்டையின் அகலம் 42 மி.மீ. மாஸ்கோ சேர்ந்தது 1,00,000 பேர், 10 மி.மீ. எல்லைக்குத் திரும்பியது 10,000 பேர், 1 மி.மீ. டிராயிங் ஷீட்டில் நானும் அளந்து போட்டுப் பார்த்தேன். கை நடுங்கிவிட்டது.

"பனிதான் நெப்போலியனைத் தோற்கடித்தது" என்பார்கள். வரைபடம் அப்படிச் சொல்லவில்லை. வேறு திசைகளுக்குப் பிரித்து அனுப்பிய படைகளைக் கழித்தாலும், மாஸ்கோவுக்குப் போகும்போதே பெரும்பகுதி அழிந்துவிட்டது. பசி, நோய், போர். பனி வந்தது அதற்குப் பிறகுதான்.

திரும்பும் வழியில், நவம்பரில், பெரெசினா ஆறு குறுக்கிட்டது. எதிரே ரஷ்யர்கள், பின்னாலும் ரஷ்யர்கள். குதிரைகளைப் பீரங்கி இழுக்க விடுவதற்காக, பாலம் போடும் சாமான்களை ஏற்கெனவே கொளுத்தச் சொல்லியிருந்தான் நெப்போலியன். ஆனால் தளபதி எப்லே கருவிகளையும் உலைகளையும் கரியையும் மட்டும் காப்பாற்றி வைத்திருந்தார். பக்கத்துக் கிராமத்து வீடுகளைப் பிரித்து மரம் எடுத்தார்கள். சுமார் 400 பாலத் தொழிலாளிப் படைவீரர்கள் பனிக்கட்டி மிதக்கும் ஆற்றில் மார்பளவு நின்று இரண்டு பாலம் போட்டார்கள். உடைந்தபோதெல்லாம் மறுபடி இறங்கினார்கள். நெப்போலியன் கடந்து போனான். இறங்கியவர்களில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. எப்லேயும் அந்த வருஷக் கடைசி நாளில் இறந்தார்.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். அம்மா சித்தாள் வேலைக்குப் போகிறவர். இந்தக் கதையைச் சொன்னேன். ராஜாவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "தண்ணியில நின்னவங்க பேரெல்லாம் எழுதி வச்சிருக்காங்களாடா?" என்றார்.

"எப்லே பேரு இருக்கும்மா. மத்தவங்க பேரு நான் படிச்சதுல இல்ல" என்றேன். அம்மா தலையை மட்டும் ஆட்டினார்.

நண்பர்களே! நாளைக்கு நாமும் கையில் டிராயிங்கோடு சைட்டில் நிற்கப் போகிறோம். நாம் இழுக்கும் ஒவ்வொரு கோட்டையும் யாரோ சுமப்பார்கள். பேராசை பிடித்த மன்னன் தேசப்படத்தைப் பார்த்தான். மினார் ஆட்களை எண்ணினார். நாம் மினார் பக்கம் நிற்போம்!



— மூன்றாம் ஆண்டு சிவில் மாணவன்