பன்னிரண்டு சொல்லும் ஒரு தாளும்: தோட்டத்துக் குடும்பங்களுக்கான பிட்காயின் பாதுகாப்பு வழிகாட்டி

மலேசியத் தோட்டப்புறத் தமிழரின் சேமிப்பு எக்காலத்திலும் யாரோ ஒருவரிடம் வைத்த நம்பிக்கையைச் சார்ந்தே நடந்து வந்துள்ளது. லயத்து வீடுகளில் மாதந்தோறும் கட்டிய கூட்டுப்பணம் அதைப் பிடித்து நடத்தியவரின் நாணயத்தைச் சார்ந்திருந்தது. கூட்டு நிதியைத் தொழிலாக நடத்துவதற்கு 1971ஆம் ஆண்டின் சட்டம் தடை விதித்தது. தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்ட காலத்தில், 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தோற்றுவித்த தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் பங்குப்பணம் கட்டிய பால்வெட்டுத் தொழிலாளி அச்சங்கத்தின் பேரேட்டை நம்பினார். அவர் பிள்ளைகள் ஊழியர் சேமநிதி வாரியத்தின் கணக்கறிக்கையை நம்புகின்றனர். இவை எல்லாவற்றிலும், பணம் வரவில்லை என்றால் போய் நின்று கேட்பதற்கு ஒரு வாசல் உண்டு. பிட்காயினில் அந்த வாசல் இல்லை. நெகிரி செம்பிலான் மாநிலத்துக் கெமாஸ் வட்டாரத்து ரப்பர், செம்பனைத் தோட்டக் குடும்பங்களில் இதை வாங்கியவரும் வாங்க எண்ணுபவரும் முதலில் மனத்தில் இருத்த வேண்டியது இதுவே. கீழே வரும் படிகள் அனைத்தும் இதிலிருந்தே பிறக்கின்றன.

பிட்காயின் என்பது, சதோஷி நகமோத்தோ என்னும் புனைபெயரில் 2008 அக்டோபர் 31 அன்று வெளியான கட்டுரையில் விளக்கப்பட்டு, 2009 ஜனவரி 3 அன்று இயங்கத் தொடங்கிய மின்னியல் நாணயம். அதன் கணக்கை எந்த வங்கியும் வைத்திருக்கவில்லை. உலகெங்கும் உள்ள ஆயிரக்கணக்கான கணினிகள் ஒரே பேரேட்டின் படிகளைத் தம்மிடம் வைத்துக்கொண்டு, ஏறத்தாழ 10 நிமிடங்களுக்கு ஒருமுறை புதிய பரிமாற்றங்களை ஒரு தொகுதியாகக் கட்டி அதில் சேர்க்கின்றன. ஒரு பிட்காயின் 10 கோடிச் சதோஷிகளாகப் பிரியும் என்பதால், முழு நாணயம் வாங்க வேண்டிய தேவை எவருக்கும் இல்லை. நாணயத்தை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்திற்கு நகர்த்தும் உரிமை, தனிச்சாவி எனப்படும் மிகப் பெரிய இரகசிய எண்ணை அறிந்தவருக்கு மட்டுமே உண்டு. அந்த எண்ணைத் திருடியவர் கையொப்பமிட்டாலும் பேரேடு ஏற்றுக்கொள்ளும், அதன் பின்னர் அப்பரிமாற்றத்தைத் திருப்ப எவராலும் இயலாது.

வாங்கும் முன்

முதல் படி, சட்டம் எங்கே நிற்கிறது என்று அறிவது. பிட்காயின் மலேசியாவில் சட்டபூர்வப் பணம் அன்று என்பதைப் பேங்க் நெகாரா 2014இலேயே அறிவித்துவிட்டது. எனினும் 2019 ஜனவரி 15 அன்று நடப்புக்கு வந்த ஆணை இத்தகைய மின்னியல் நாணயங்களைப் பங்குப் பத்திரச் சட்டத்தின் வரம்புக்குள் கொண்டுவந்தது. அதே ஆண்டு ஜூனில் லூனோ, சினெஜி, டோக்கனைஸ் ஆகிய மூன்று நிறுவனங்களைப் பங்குப் பத்திர ஆணையம் மின்னியல் சொத்துச் சந்தைகளாகப் பதிவு செய்தது; பட்டியல் பின்னர் மாறியிருப்பதால், கணக்குத் திறக்கும் நாளன்று ஆணையத்தின் இணையதளத்தில் உள்ள பதிவேட்டைத் தாமே திறந்து பார்ப்பதுதான் முறை. அதே தளத்தில் உள்ள முதலீட்டாளர் எச்சரிக்கைப் பட்டியலையும் பார்க்க வேண்டும், ஏனெனில் உலகப் புகழ் வேறு, உள்நாட்டுப் பதிவு வேறு: பதிவின்றிச் சந்தை நடத்தியதற்காக 2021இல் பைனான்ஸ் மீதும் 2023இல் ஹுவோபி மீதும் 2024இல் பைபிட் மீதும் ஆணையம் நடவடிக்கை எடுத்துள்ளது. நாளொன்றுக்கு இத்தனை விழுக்காடு இலாபம் என்று புலனக் குழுவில் வரும் அழைப்பு அந்தப் பதிவேட்டில் இராது. அதைத் தேடிப் பார்க்கவும் வேண்டியதில்லை, அழித்துவிடலாம்.

பதிவு பெற்ற சந்தை என்பதற்கு விலை இறங்காது என்று பொருளில்லை. 2021 நவம்பரில் ஏறத்தாழ 69,000 அமெரிக்க டாலரைத் தொட்ட பிட்காயின், ஓராண்டுக்குள் 16,000 டாலருக்கும் கீழே இறங்கியது. வீட்டுச் செலவுக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் கடன் தவணைக்கும் உரிய வெள்ளி இதில் இறங்கக் கூடாது.

முகம் தெரியாதவரிடம் நேரடியாக வாங்குவதும் விற்பதும் இன்னொரு குழி. விற்றவரின் வங்கிக் கணக்கில் வந்து விழும் பணம் வேறொருவரிடம் ஏமாற்றிப் பறித்ததாக இருக்கக்கூடும். அப்போது முடக்கப்படுவது விற்றவரின் கணக்கு. எதிர்த்தரப்பின் கணக்கு எண்ணையோ தொலைபேசி எண்ணையோ காவல்துறையின் செமாக் மியூல் பக்கத்தில் இட்டால், அதன் மேல் முன்பே புகார் உள்ளதா என்று தெரியும். தோட்டத்துப் பையன்களிடம் சில நூறு வெள்ளிக்கு ஏடிஎம் அட்டையை வாடகைக்குக் கேட்கும் ஆட்கள் தேடுவதும் இத்தகைய கணக்குகளைத்தான். கெல்டாய் கணக்கு என்று சொல்லப்படும் இவ்வழக்கத்தைத் தனிக் குற்றமாக்கும் பிரிவுகள் தண்டனைச் சட்டத்தில் 2024இல் சேர்க்கப்பட்டன. அட்டையைக் கொடுத்தவரும் அதில் சிக்குவார்.

கணக்கைப் பூட்டுதல்

இரண்டாம் படி மின்னஞ்சலிலும் தொலைபேசி எண்ணிலும் தொடங்குகிறது. சந்தைக் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றும் கடிதம் மின்னஞ்சலுக்கே வருவதால், மின்னஞ்சலைக் கைப்பற்றியவர் மற்ற அனைத்தையும் கைப்பற்றிவிடுவார். ஆகவே பிட்காயினுக்கென்று, முகநூலிலும் கடைகளிலும் கொடுக்காத தனி மின்னஞ்சல் ஒன்றைத் திறந்து, வேறெங்கும் பயன்படுத்தாத நீண்ட கடவுச்சொல்லை அதற்கு இட வேண்டும். கடவுச்சொல் நினைவில் நில்லாது என்று அஞ்சுபவர் அதை ஒரு நோட்டில் எழுதி அலமாரியில் பூட்டி வைப்பது, எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லை வைப்பதைவிட எவ்வளவோ மேல்.

இங்கே அடையாள அட்டையைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். அதிலுள்ள 12 இலக்கங்களில் முதல் ஆறும் பிறந்த ஆண்டு, மாதம், நாள். அடுத்த இரண்டும் பிறந்த மாநிலம், நெகிரி செம்பிலானுக்கு 05. கடைசி இலக்கம் ஆணுக்கு ஒற்றைப்படை, பெண்ணுக்கு இரட்டைப்படை. பிறந்த நாளைக் கேட்டவருக்கே எண்ணின் பாதி கிடைத்துவிடுகிறது என்னும்போது, அந்த ஆறு இலக்கங்களையே திறன்பேசியின் பூட்டு எண்ணாக வைப்பது பூட்டின் மேலேயே சாவியைத் தொங்கவிடுவதற்கு ஒப்பாகும். பதிவு பெற்ற சந்தை அட்டையின் படத்தைத் தன் செயலிக்குள்ளேயே கேட்கும்; இடையில் நிற்கும் ஆளுக்குப் புலனத்தில் அதை அனுப்புவது கூடாது. நகல் கொடுத்தே ஆக வேண்டிய இடத்தில், அதன் குறுக்கே இரு கோடுகள் இழுத்து, எந்த நோக்கத்திற்கு மட்டும் என்பதையும் தேதியையும் எழுதும் பழைய வழக்கத்தை விடலாகாது.

கடவுச்சொல்லுக்கு மேல் இடும் இரண்டாவது பூட்டுக்கு இருபடிச் சரிபார்ப்பு என்று பெயர். குறுஞ்செய்தியில் வரும் டேக் எண் இதன் பழைய வடிவம். அந்தச் சிம் அட்டை வேறொருவர் கைக்குப் போனால் எண்ணும் அவருக்கே வரும் என்பதே அதன் குறை. குறுஞ்செய்தி எண்ணைக் கைவிட்டுப் பாதுகாப்பான வேறு முறைக்கு மாறும்படி பேங்க் நெகாரா 2022இல் வங்கிகளைக் கேட்டுக்கொண்டதும் இதனால்தான். கெமாஸிலிருந்து ஜொகூர் பாருவுக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குச் செல்லும் பிள்ளைகளுக்கு இக்குறை இன்னும் பெரிது: அங்கே புதிய எண் வாங்கியபின் இங்குள்ள முன்கட்டண எண்ணுக்குப் பணம் ஏற்றாமல் விட்டால் அது காலாவதியாகிப் பிற்பாடு வேறொருவருக்கு விற்கப்படும், டேக் எண்ணும் அவரைத் தேடிப் போகும். எனவே சந்தைக் கணக்கிலும் மின்னஞ்சலிலும், 30 வினாடிக்கு ஒருமுறை புதிய ஆறிலக்க எண்ணைத் திறன்பேசிக்குள்ளேயே உருவாக்கும் சரிபார்ப்புச் செயலியை இணைத்து, அதை அமைக்கும்போது தரப்படும் மீட்பு எண்களைத் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். முன்பே பதிந்த முகவரிக்கு மட்டுமே நாணயம் வெளியேறும் என்னும் ஏற்பாடு சந்தையில் இருந்தால் அதையும் இயக்கிவிட வேண்டும்.

சொற்களும் தாளும்

சந்தையில் கிடக்கும் நாணயத்தின் சாவி சந்தையிடமே உள்ளது. தோக்கியோவில் இயங்கிய மவுண்ட் காக்ஸ் சந்தை 2014இல் ஏறத்தாழ 8,50,000 பிட்காயின்களை இழந்ததாகக் கூறி விழுந்தபோதும், இந்தியாவின் வசீர்எக்ஸ் சந்தையிலிருந்து 2024 ஜூலையில் சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள மின்னியல் சொத்துகள் திருடப்பட்டபோதும், தவறு எதுவும் செய்யாத வாடிக்கையாளரே தவித்தனர். சிறு தொகையைப் பதிவு பெற்ற சந்தையிலேயே விட்டுவைப்பதில் பெரும் பிழையில்லை. ஒரு மாதச் சம்பளத்தை மிஞ்சும் அளவு சேர்ந்துவிட்டால், தம் சொந்தப் பணப்பைக்கு மாற்றுவதே இவ்வழிகாட்டியின் பரிந்துரை. பணப்பை என்பது சாவியைக் காக்கும் செயலி, அல்லது அதற்கென்றே செய்யப்பட்ட சிறு கருவி. கருவியை வாங்குவதானால் தயாரிப்பாளரிடமிருந்தே வாங்க வேண்டும். கீழே விளக்கப்படும் மீட்புச் சொற்களை முன்பே எழுதிய தாளுடன் வரும் கருவி திருடனின் கருவி.

பணப்பையை முதன்முறை திறக்கும்போது அது 12 அல்லது 24 சொற்களைக் காட்டும். இவை 2048 சொற்கள் கொண்ட பொதுப் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டவை. தனிச்சாவிகள் எல்லாம் இச்சொற்களிலிருந்து பிறப்பதால், கருவி உடைந்தாலும் ஆற்றில் விழுந்தாலும் சொற்களைக் கொண்டு நாணயத்தை மீட்கலாம், சொற்களைப் பார்த்த வேறெவரும் அவ்வாறே எடுத்துக்கொள்ளலாம். பட்டியல் ஜப்பானியம், பிரெஞ்சு உள்ளிட்ட சில மொழிகளில் உண்டு, தமிழில் இல்லை. தமிழ்ப்பள்ளியோடு படிப்பை நிறுத்திய பெற்றோர், பணப்பை காட்டும் ஆங்கிலச் சொற்களை ஒலிபார்த்துத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்வது இயல்பே. ஆயினும் அது நாணயத்தை இழக்கும் வழி. உலர்ந்தது என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லும் முயன்று பார் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லும் இரண்டுமே பட்டியலில் உள்ளன. தமிழில் எழுதினால் இரண்டும் டிரை. ஆகவே பொருள் தெரியாவிட்டாலும், ஆங்கிலப் பெரிய எழுத்துகளில், வரிசை எண்ணிட்டு, எழுத்தெழுத்தாகப் பார்த்தெழுத வேண்டும். அந்தப் பட்டியலில் எந்த இரு சொல்லுக்கும் முதல் நான்கு எழுத்துகள் ஒன்றாக வாரா என்பதால், அந்த நான்கு தெளிவாக இருந்தாலே போதுமானது.

இச்சொற்களைத் திறன்பேசியால் படம் பிடிக்கவே கூடாது. படம் தானாகவே இணையச் சேமிப்புக்கு ஏறிவிடும் என்பதோடு, படத்தொகுப்பில் உள்ள எழுத்துகளைப் படித்து மீட்புச் சொற்களைத் தேடித் திருடும் ஸ்பார்க்கேட் என்னும் தீநிரல், கூகுள், ஆப்பிள் ஆகிய இரண்டின் செயலிக் கடைகளிலும் நுழைந்திருந்ததைக் காஸ்பர்ஸ்கி நிறுவனம் 2025 பிப்ரவரியில் வெளிப்படுத்தியது. இரண்டு தாள்களில் எழுதி, ஈரமும் கறையானும் அணுகாதவாறு நெகிழி உறையிலோ மூடியிறுகிய தகர டப்பாவிலோ இட்டு, ஒன்றை வீட்டிலும் மற்றொன்றை வேறிடத்தில் உள்ள நம்பிக்கைக்குரிய உறவினர் வீட்டிலும் வைப்பது தகும். பலகை வீட்டில் இருப்பவர், தீக்குத் தாங்கும் உலோகத் தகட்டில் சொற்களைப் பொறித்துக்கொள்ளலாம்.

அடுத்த படியைப் பலர் தாண்டிவிடுகின்றனர். முதலில் சில வெள்ளி மதிப்புள்ள நாணயத்தை மட்டும் பணப்பைக்கு அனுப்பி, அது வந்து சேர்ந்தபின் பணப்பையை முழுதாக அழித்து, தாளில் உள்ள சொற்களைக் கொண்டு மீண்டும் உருவாக்கிப் பார்க்க வேண்டும். அதே தொகை மறுபடி தெரிந்தால் தாள் சரி. தெரியாவிட்டால் சில வெள்ளியோடு இழப்பு நின்றது. பெருந்தொகையை அனுப்பும்போது முகவரியின் முதல் நான்கு எழுத்துகளையும் கடைசி நான்கையும் மட்டும் ஒப்பிடுவது போதாது, ஏனெனில் இரு முனைகளும் ஒத்துப்போகும் போலி முகவரிகளை உருவாக்கிப் பழைய பரிமாற்றப் பட்டியலில் நுழைப்பவர் உள்ளனர். நடு எழுத்துகளையும் படிக்க வேண்டும்.

பெயரும் பேரேடும்

பிட்காயின் பெயரற்றது என்பது பரவலான தவறான கருத்து. பேரேட்டில் பெயர் இல்லை, முகவரி உண்டு. எந்த முகவரிக்கு எப்போது எவ்வளவு வந்தது என்பதை உலகில் எவரும் பார்க்கலாம். ஒரு முகவரியை ஒருமுறை முகநூலில் தம் பெயருடன் போட்டவர் அதன் முழுக் கணக்கையும் ஊருக்கே திறந்து காட்டியவராவார். மீதிப் பணத்தின் வழியாகவும் தடம் தெரியும்: 50 வெள்ளித் தாளைக் கொடுத்து 15 வெள்ளிக்குச் சாமான் வாங்கினால் 35 வெள்ளி கைக்குத் திரும்புவது போலவே, பிட்காயினிலும் வந்த நாணயம் முழுதாகச் செலவாகி மீதி ஒரு புதிய முகவரிக்குத் திரும்புகிறது, விலையைப் பெற்ற கடைக்காரர் மீதி எவ்வளவு என்பதைக் கண்டுகொள்ளலாம். எனவே பெரிய சேமிப்பையும் சில்லறைச் செலவையும் வெவ்வேறு பணப்பைகளில் வைத்து, ஒவ்வொரு வரவுக்கும் பணப்பை தரும் புதிய முகவரியையே கொடுக்க வேண்டும். கருவி வாங்கும்போது கொடுக்கும் வீட்டு முகவரியும் ஆபத்தே: பணப்பைக் கருவி தயாரிக்கும் லெட்ஜர் நிறுவனத்திலிருந்து கசிந்த சுமார் 2,72,000 வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவை 2020 டிசம்பரில் இணையத்தில் கொட்டப்பட்டு, அவர்களுக்கு மிரட்டல் கடிதங்கள் வரலாயின. இத்தகைய மறைவு திருடரிடமிருந்து காத்துக்கொள்வதற்கே. வருமான வரி வாரியம் கேட்டால் காட்டுவதற்கு வாங்கிய நாளும் விலையும் குறித்த கணக்கை வைத்திருக்க வேண்டும்.

ஏமாந்துவிட்டது தெரிந்தால், வெட்கத்தில் ஓர் இரவைக் கழிக்காமல் உடனே வங்கியையும் தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் 997 எண்ணையும் அழைத்துக் காவல் நிலையத்தில் புகார் எழுத வேண்டும். வங்கியிலிருந்து வெளியேறிய வெள்ளியை வழியில் நிறுத்த இயலும் நேரம் மிகக் குறைவு. இழந்த பிட்காயினை மீட்டுத் தருவதாகக் கூறி முன்பணம் கேட்பவர், முதல் திருட்டின் இரண்டாம் பகுதியாகவே வருகிறார்.

கடைசிப் படி, வீட்டில் ஒருவரிடம் சொல்லிவைப்பது. சந்தைக் கணக்கில் உள்ள நாணயத்தை வாரிசுரிமை ஆவணங்களுடன் குடும்பத்தார் கேட்டுப் பெற வழியுண்டு. சொந்தப் பணப்பையில் உள்ளதைச் சொற்களின்றி நீதிமன்ற ஆணையாலும் திறக்க முடியாது. சொற்களை வெளியிட வேண்டியதில்லை, தாள் எங்கே இருக்கிறது, அது எதற்கானது என்பதை மட்டும் மனைவியோ கணவரோ மூத்த பிள்ளையோ அறிந்திருக்க வேண்டும். பணப்பையை அழித்து மீட்டுப் பார்க்கும் பயிற்சியை அவரையும் பக்கத்தில் உட்காரவைத்தே ஒருமுறை செய்துவிடுங்கள். அதற்கு அரை மணி நேரம் போதும்.