சிவப்பு அடையாள அட்டை

ஆயர் குரோவில் உள்ள குடிநுழைவுத் துறை அலுவலகம். காலை நேரத்திலேயே பலர் எண் சீட்டுடன் காத்திருக்கின்றனர். அவர்களுள் ஒரு குடும்பமும் இருக்கிறது. அண்ணனுக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்திருக்கிறது. அவன் கடப்பிதழைப் புதுப்பிக்க வந்திருக்கிறான். நான்காம் படிவத்தில் பயிலும் தங்கையும் பாட்டியும் உடன் வந்திருக்கின்றனர்.

முன்வரிசையில் அந்நியத் தொழிலாளர்கள் சிலர் தங்கள் நிறுவன அலுவலரோடு அமர்ந்திருந்தனர். அவர்களுள் ஓர் இளைஞர் தம் ஆவணங்களை நெகிழி உறையில் போட்டு இரு கைகளாலும் பிடித்திருந்தார். பாட்டியின் பார்வை அவர்மீதே இருந்தது.

“உன் தாத்தாவும் ஒரு காலத்துல இப்படித்தான் காகிதத்தக் கையில புடிச்சிக்கிட்டு உட்கார்ந்திருந்தாரு.”

“தாத்தா வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனாரா பாட்டி?”

“இல்லம்மா. இருபது வருஷமா மரம் சீவின அதே தோட்டத்துல வேலை செய்யத்தான் பெர்மிட் கேட்டாரு.”

பேத்திக்கு வியப்பாக இருந்தது. வாழும் நாட்டிலேயே, செய்துவந்த வேலைக்கே ஒருவர் எதற்காக அனுமதி கேட்க வேண்டும்? இதற்கான விடை நம் நாட்டு வரலாற்றில் இருக்கிறது.

தாத்தா 1936ஆம் ஆண்டில், நான்கு வயதுச் சிறுவனாகப் பெற்றோருடன் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்தவர். ஜாசின் வட்டாரத் தோட்டம் ஒன்றில் வளர்ந்து, அங்கேயே பால்மரம் சீவும் தொழிலாளியானார். பாட்டியோ மலாக்காவில் பிறந்தவர். அக்காலத்தில் மலாக்கா, பினாங்கு, சிங்கப்பூர் ஆகியவை நீரிணைக் குடியேற்றங்கள் எனப்பட்டன. அவை பிரிட்டனின் நேரடி ஆட்சியில் இருந்ததால் அங்குப் பிறந்தவர்கள் பிரிட்டிஷ் பிரஜைகள் ஆயினர். 1948இல் மலாயாக் கூட்டரசு அமைந்தபோது, மலாக்காவிலும் பினாங்கிலும் பிறந்து நிரந்தரமாக வாழ்ந்த பிரிட்டிஷ் பிரஜைகளுக்குக் குடியுரிமை கிடைத்தது. பிறப்புப் பத்திரம் இருந்ததால் பாட்டி குடிமகளானார்.

தாத்தாவின் நிலை வேறு. இந்தியாவில் பிறந்தவர்கள் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. 1957இல் நாடு விடுதலை பெற்ற பின்னரும் அவ்வழி திறந்தே இருந்தது. குறிப்பிட்ட ஆண்டுகள் இந்நாட்டில் வாழ்ந்திருக்க வேண்டும், நன்னடத்தை வேண்டும், அடிப்படை மலாய்மொழி அறிவு வேண்டும். தகுதி இருந்தும் தோட்டப்புறத்தில் பலர் விண்ணப்பிக்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பாரங்களைக் கண்டு தயங்கினர். பட்டணத்து அலுவலகத்துக்குச் சென்றால் அன்றைய கூலி போய்விடும். சிலரிடம் எந்த ஆவணமும் இல்லை. வேறு சிலர், “என்றாவது ஊருக்குத் திரும்பத்தானே போகிறோம்” என்று இருந்துவிட்டனர். குடிமக்களிடம் நீல அடையாள அட்டை இருந்தது. குடியுரிமை பெறாத நிரந்தரவாசிகளிடம் சிவப்பு அட்டை இருந்தது. சிவப்பு அட்டையை வைத்துக்கொண்டே வேலை செய்ய முடிந்ததால் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அவர்களுக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

அந்த வேறுபாடு 1969இல் வெளிப்பட்டது. நாட்டில் வேலையில்லாதோர் பெருகியிருந்தனர். குடிமக்களுக்கு வேலைவாய்ப்பில் முன்னுரிமை அளிக்க 1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றப்பட்டிருந்தது. குடிமகன் அல்லாத ஒருவரை, வேலை அனுமதி இல்லாமல் எந்த முதலாளியும் பணியில் வைத்திருக்கக் கூடாது என்பது அதன் சாரம். மே 13 கலவரத்திற்குப் பின்னர் இச்சட்டம் தீவிரமாக நடைமுறைப்படுத்தப்பட்டது. அனுமதி, குறிப்பிட்ட வேலைக்கும் குறிப்பிட்ட காலத்திற்கும் மட்டுமே தரப்பட்டது. சிவப்பு அட்டை வைத்திருந்த ஆயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளர்கள் ஒரே நாளில் ‘அந்நியத் தொழிலாளர்’ ஆனார்கள்.

அனுமதி கிடைக்காதவர்களும், கிடைத்தாலும் அது நிலைக்காது என்று அஞ்சியவர்களும் நாட்டை விட்டுப் புறப்பட்டனர். 1969, 1970ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ 60,000 இந்தியர்கள் தாயகம் திரும்பியதாகக் கணக்கிடப்படுகிறது. சில குடும்பங்கள் பிரிந்தன. பெற்றோர் இந்தியாவுக்குச் செல்ல, குடியுரிமை பெற்ற பிள்ளைகள் இங்கேயே தங்கினர்.

“உங்க பெரிய தாத்தா அப்பத்தான் கப்பலேறினாரு. முப்பது வருஷத்துக்கு அப்புறம் போயிப் பார்த்தா, அந்த ஊருல அவரைத் தெரிஞ்சவங்க யாருமே இல்லையாம்,” என்றார் பாட்டி.

“தாத்தா மட்டும் எப்படி இருந்தாரு பாட்டி?”

“தோட்டத்துக் கிராணியார் பாரம் எழுதிக் கொடுத்தாரு. பெர்மிட் கிடைச்சது. அதோட விடல. ராத்திரியில மலாய் படிச்சாரு. நாலஞ்சு வருஷம் கழிச்சுத்தான் நீல ஐசி வாங்கினாரு.”

மாணவர்களே, இன்று நிலைமை மாறிவிட்டது. நம்மில் பலர் பிறப்பாலேயே குடிமக்கள். ஆயினும், வேலை அனுமதி என்பது நமக்குத் தொடர்பில்லாத ஒன்றன்று. நம் இளையோர் சிங்கப்பூர் முதலிய நாடுகளுக்கு வேலை தேடிச் செல்கின்றனர். அங்கு அவர்களே அந்நியத் தொழிலாளர்கள். ஆகவே, சில அடிப்படைச் செய்திகளை அறிந்திருத்தல் நன்று.

முதலாவது, வேலை அனுமதியும் சுற்றுலா விசாவும் ஒன்றல்ல. சுற்றுப்பயணியாக நுழைந்து வேலை செய்தல் பல நாடுகளில் குற்றமாகும். “முதலில் வா, அனுமதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று கூறும் முகவரை நம்பக் கூடாது. இரண்டாவது, மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இத்தகைய அனுமதிக்குத் தொழிலாளி நேரடியாக விண்ணப்பிப்பதில்லை. முதலாளியோ அவர் சார்பில் செயல்படும் நிறுவனமோ விண்ணப்பிக்கும். எனவே, அனுமதி அந்த முதலாளியுடன் பிணைக்கப்பட்டிருக்கும். விருப்பம்போல் வேறு வேலைக்கு மாற இயலாது. மூன்றாவது, அரசுக்குச் செலுத்த வேண்டிய லெவி முதலாளியின் பொறுப்பு. சிங்கப்பூரில் அதைத் தொழிலாளியின் சம்பளத்திலிருந்து பிடிக்கச் சட்டம் இடந்தராது. மலேசியாவிலும் 2018 முதல் முதலாளியே அதை ஏற்க வேண்டும். நான்காவது, கடப்பிதழ் அதற்குரியவரிடமே இருக்க வேண்டும். 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டத்தின்படி, உரிய அதிகாரமின்றிப் பிறருடைய கடப்பிதழை வைத்திருப்பது குற்றம்.

வேலை ஒப்பந்தத்தைப் படித்துப் புரிந்துகொண்ட பின்னரே கையொப்பமிட வேண்டும். சம்பளம், வேலை நேரம், தங்குமிடம், விடுப்பு ஆகியவை அதில் தெளிவாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். எல்லா ஆவணங்களுக்கும் நகல் எடுத்து வீட்டில் ஒன்றை வைத்திருப்பதும் அவசியம்.

அண்ணனின் எண் திரையில் தோன்றியது. அவன் முகப்பிடத்திற்குச் சென்றான். அதற்குள் பாட்டி அந்த இளைஞரிடம் பேச்சுக் கொடுத்திருந்தார்.

“எந்த ஊரு தம்பி?”

“சிவகங்கைப் பக்கம்மா. ஓட்டல்ல வேலை. வந்து ரெண்டு வருஷமாச்சு.”

“உங்க பாஸ்போர்ட் உங்ககிட்டதானே இருக்கு?”

“என்கிட்டதாம்மா இருக்கு.”

“பத்திரமா வச்சுக்குங்க தம்பி,” என்ற பாட்டி, தம் பையில் இருந்த ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்து அவரிடம் நீட்டினார். பேத்தி எழுந்து, நின்றுகொண்டிருந்த மற்றொரு தொழிலாளிக்குத் தன் இருக்கையைக் கொடுத்தாள்.

அருஞ்சொற்பொருள்

கடப்பிதழ் – வெளிநாட்டுப் பயணத்திற்கு அரசு வழங்கும் அடையாள ஆவணம், பாஸ்போர்ட்
நிரந்தரவாசி – குடியுரிமை பெறாமல், நிலையாக வாழ அனுமதி பெற்றவர்
கிராணியார் – தோட்ட அலுவலகத்தில் கணக்கு எழுதுபவர்
லெவி – அந்நியத் தொழிலாளரைப் பணியில் அமர்த்துவதற்கு அரசு விதிக்கும் கட்டணம்

கருத்துணர் கேள்விகள்

1. ஒரே குடும்பத்தில் பாட்டி குடிமகளாகவும் தாத்தா சிவப்பு அட்டைக்காரராகவும் இருந்ததற்குக் காரணம் என்ன?
2. தோட்டத் தொழிலாளர்கள் பலர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்காமைக்கான காரணங்களுள் மூன்றனை எழுதுக.
3. 1968ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டத் தொழிலாளர்களின் வாழ்வை எவ்வாறு பாதித்தது?
4. ‘அனுமதி அந்த முதலாளியுடன் பிணைக்கப்பட்டிருக்கும்’ – இதனால் தொழிலாளிக்கு ஏற்படக்கூடிய சிக்கல் ஒன்றை விளக்குக.
5. பாட்டி அந்த இளைஞரிடம் கடப்பிதழைப் பற்றி ஏன் விசாரித்தார்? உம் கருத்தை எழுதுக.
6. உம் குடும்பத்து முதியவர் ஒருவரிடம் அவர் அடையாள அட்டை பெற்ற அனுபவத்தைக் கேட்டறிந்து, 80 சொற்களில் எழுதுக.