சுமைக்கு ஏற்ற வண்டி

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையை அடுத்து நீண்டு கிடக்கிறது சாலைக் கடைத்தெரு. திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இச்சந்தையை அமைத்தார். மலையாளத்தோடு தமிழும் ஒலிக்கும் இத்தெருவிற்குக் குமரி மாவட்டத்திலிருந்து காய்கறியும் வாழைத்தாரும் தோவாளைப் பூவும் வந்து சேர்கின்றன. நாகர்கோவிலிலிருந்து இங்கு வரும் வழி சுமார் 70 கிலோமீட்டர்.

குமரி மாவட்டத்து உழவர் ஒருவர், தம் தோட்டத்து வாழைத்தார்களை இங்குக் கொணர வண்டி வாங்க எண்ணுகிறார் எனக் கொள்வோம். அவர் எதனைத் தேர்ந்தெடுப்பார்?

டிராக்டரின் பெரிய பின்சக்கரங்கள் சேற்றிலும் பிடிப்புடன் உருளும், உழவுக்கும் உதவும். ஆனால் அதன் வேகம் குறைவு. நாள்தோறும் நெடுந்தொலைவு செல்ல அது ஏற்றதன்று. லாரி மிகுதியான சுமையைத் தாங்கும்; எனினும் தோட்டத்து ஒற்றையடித் தடத்திலும் நெருக்கமான கடைத்தெருவிலும் அது திரும்ப இடமிராது. ஏலத்தோட்டங்கள் நிறைந்த இடுக்கி மலைச்சரிவாயின், நான்கு சக்கரங்களும் இழுக்கும் ஜீப்பே துணை. சமவெளிச் சாலைக்கு அத்துணை ஆற்றல் வேண்டுவதில்லை.

2005ஆம் ஆண்டில் டாடா ஏஸ் என்னும் சிறு சரக்கு வண்டி விற்பனைக்கு வந்தது. முதலில் வந்த வண்டி 750 கிலோ சுமையைத் தாங்கியது. உருவில் சிறியதாயினும் சுமை தாங்குவதால் தமிழ்மக்கள் அதனைக் ‘குட்டி யானை’ என்று அழைத்தனர். நம் உழவரின் தேவைக்கு இத்தகைய வண்டியே பொருந்தும்.

எனினும், குட்டி யானைக்கும் ஓர் எல்லை உண்டு. ஒரு தார் 15 கிலோ எனின், 50 தார்களோடு 750 கிலோ நிறைவுறும். ‘ஒரே நடையில் முடிந்துவிடும்’ என்று 70 தார்களை ஏற்றினால் 300 கிலோ மிகையாகும். அப்போது பிரேக்கை அழுத்தினாலும் வண்டி உடனே நிற்காது, வளைவில் சாயும், டயர் வெடிக்கவும் கூடும். மிச்சமாகும் டீசல் செலவு, ஓட்டுநரின் உயிருக்கும் வழியில் நடப்போரின் உயிருக்கும் ஈடாகாது. மிகைச்சுமையை 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் தடை செய்கிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம், அதற்கான அடிப்படைத் தண்டத்தை 2,000 ரூபாயிலிருந்து 20,000 ரூபாயாக உயர்த்தியது.

பண்டைத் தமிழரும் இதனை எண்ணிப் பார்த்தனர். உப்பு வணிகர் மேடும் பள்ளமும் கடந்து செல்ல வேண்டியிருந்ததால், வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிச் சென்றனர். அதற்குச் ‘சேம அச்சு’ என்று பெயர். அதியமான் மகன் எழினியை ஔவையார் புறநானூற்றில் இந்த அச்சுக்கு ஒப்பிடுகிறார்.

சுமை எவ்வளவு, வழி எத்தகையது, தொலைவு எவ்வளவு என்னும் மூன்றையும் ஆராய்ந்த பின்னரே வண்டியைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும்.

சொற்பொருள்
சேமம் – பாதுகாப்பு
தண்டம் – அபராதம்
மிகை – அளவுக்கு மேற்பட்டது

வினாக்கள்
1. டிராக்டர் நெடுந்தொலைவுக்கு ஏற்றதன்று. ஏன்?
2. 50 கிலோ அரிசி மூட்டைகளில் எத்தனையைக் குட்டி யானையில் ஏற்றலாம்?
3. உம் வீட்டருகே சுமை ஏற்றும் வண்டிகளைத் தமிழிலும் மலையாளத்திலும் எவ்வாறு அழைக்கின்றனர்? பெரியோரிடம் கேட்டு எழுதுக.